பெக்காடிக்குக்கு மூக்கு திறந்த கதை

அவர் லிஃப்ட் மெக்கானிக். ஆனால் அந்த வார்த்தையை அவரால் சொல்ல முடியாது. மூக்கின் இரண்டு துவாரமும் சிமெண்ட் வைத்துப் பூசினாற்போல் அடைத்துக் கிடந்ததால், அவர் வாயில் 'ம' எல்லாம் 'ப' ஆகிவிடும், 'ன' எல்லாம் 'ட' ஆகிவிடும். வேலையில் சேர்ந்த புதிதில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் காவலாளி அவரை மறித்து, "யாருங்க நீங்க?" என்று கேட்டார். "லிஃப்ட் பெக்காடிக்" என்றார் இவர். காவலாளி உள்ளே போன் போட்டு, "யாரோ பெக்காடிக்னு ஒருத்தர் வந்திருக்கார், வெளிநாட்டுக்காரர் போல இருக்கு, அனுப்பவா?" என்று கேட்டிருக்கிறார். அன்றோடு பெற்றவர்கள் வைத்த பெயர் போயே போய்விட்டது. கம்பெனி மேனேஜர் முதல் டீக்கடைக்காரர் வரை எல்லோருக்கும் அவர் பெக்காடிக்தான்.

லிஃப்ட் வேலைக்கு எப்போதும் இரண்டு பேர் போக வேண்டும். ஒருவர் மொட்டைமாடியில் மோட்டார் இருக்கிற அறையில் நிற்பார். மற்றவர் லிஃப்டின் தலைமேல் ஏறி நிற்பார், இல்லையென்றால் அடியில் உள்ள குழிக்குள் இறங்குவார். பெக்காடிக்குக்கு ஜோடி, கயிறு அண்ணன். ஆள் நெடுநெடு உயரம், ஒல்லி. தொங்கவிட்டால் லிஃப்டையே இழுத்துவிடலாம் என்று யாரோ ஒருமுறை கிண்டல் பண்ண, அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அவருக்கும் அது பிடித்திருந்தது.

பெக்காடிக் வருவதற்கு முன்னால் கயிறு அண்ணனிடம் ஜோடிகள் நிலைத்ததில்லை. ஒருத்தன் வேறு ஊருக்கு மாற்றல் கேட்டு ஓடினான். இன்னொருத்தன் லிஃப்ட் தொழிலையே விட்டுவிட்டுத் திறந்தவெளியில் கம்பி வேலி போடப் போய்விட்டான். மூன்றாவதாக மேனேஜர் பெக்காடிக்கைக் கூப்பிட்டு, அவர் பேசுவதைக் கொஞ்ச நேரம் கேட்டார். முகம் மலர்ந்து, "உங்க ரெண்டு பேருக்கும் பொருத்தம் அமோகமா இருக்கும்" என்றார். எதற்குச் சிரிக்கிறார் என்று அப்போது பெக்காடிக்குக்குப் புரியவில்லை.

பொருத்தம் அமோகமாகத்தான் இருந்தது. லிஃப்டின் தலைமேல் நின்றுகொண்டு பெக்காடிக் "திறுத்துங்க!" என்று கத்தினால், உலகத்தில் வேறு யாராக இருந்தாலும் எதைத் திருத்துவது என்று யோசித்திருப்பார்கள். கயிறு அண்ணன் மட்டும் மேலே 'டக்'கென்று நிறுத்திவிடுவார். ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. மதியம் ஒரே டப்பாவில் கைவிட்டுச் சாப்பிடுவார்கள். அண்ணன் பழைய கதைகள் சொல்ல, தம்பி "ஆபாட்டே, ஆபாட்டே" என்று கேட்டுக்கொண்டிருப்பார். 'ஆமாண்ணே' என்று பொருள்.

இருவருக்கும் பெருமையான ஒரு விஷயம் உண்டு. எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் ஜனங்கள் இவர்களுக்குக் கொடுக்கிற மரியாதை. இருவரும் லிஃப்டுக்குள் நுழைந்ததும், ஏற்கெனவே உள்ளே நிற்பவர்கள் வெளியே வந்துவிடுவார்கள். "நீங்க போங்க, நாங்க படியில ஏறிக்கறோம்" என்பார்கள். எட்டாவது மாடியில் குடியிருக்கிற ஒரு வயதான அம்மா, கையில் இரண்டு பை, மூச்சு வாங்க வாங்கப் படியேறியே போவார்.

"பாத்தியா தம்பி, உழைக்கறவனுக்கு இன்னும் மதிப்பு இருக்கு" என்று கயிறு அண்ணன் நெஞ்சை நிமிர்த்துவார்.

"ஆபாட்டே" என்பார் பெக்காடிக்.

இப்படியே போயிருக்கும். ஆனால் ஒருநாள் குழிக்குள் இறங்கிக் குனிந்து வேலை செய்தபோது, பெக்காடிக்கின் கன்ன எலும்புக்குள் யாரோ சைக்கிள் பம்பு வைத்துக் காற்று அடிப்பதுபோல் வலித்தது. நிமிர்ந்தால் குறையும், குனிந்தால் விண்விண்ணென்று தெறிக்கும். வீட்டில் சொன்னார். மனைவி அந்தச் சாக்குக்காகவே காத்திருந்தவள் போல எழுந்தாள்.

"கிளம்புங்க டாக்டர்கிட்ட. ராத்திரியானா நம்ம வீட்டுக்குள்ளயே லிஃப்ட் ஓடுது. நான் கூடத்துக்கு மாறிப் படுத்தும் கேக்குது. பக்கத்து வீட்டுக்காரம்மா சுவத்தைத் தட்டி, 'மோட்டாரை அணைக்க மறந்துட்டீங்களா'ங்கறாங்க."

காது மூக்கு தொண்டை டாக்டர், சின்ன விளக்கை வைத்துக்கொண்டு மூக்குக்குள் எட்டிப் பார்த்தார். பார்த்துவிட்டு விளக்கு எரிகிறதா என்று ஒருமுறை திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

"எத்தனை வருஷமா இப்படி இருக்கு?"

"கல்யாடத்துக்கு புட்டாடியே."

"கல்யாணத்துக்கு முன்னாடியேங்கறார்" என்று மனைவி மொழிபெயர்த்தாள். "எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலை டாக்டர்."

சைனஸ் வீங்கி உள்ளே சளி தேங்கிக் கிடக்கிறது என்றார் டாக்டர். மூக்கில் அடித்துக்கொள்ள ஒரு மருந்து எழுதினார். மேசை இழுப்பறையிலிருந்து பிதுக்கினால் பீய்ச்சுகிற ஒரு பிளாஸ்டிக் பாட்டிலை எடுத்து, தினமும் உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவச் சொன்னார். "குழாய்த் தண்ணியை அப்படியே விடக் கூடாது. கொதிக்க வெச்சு, வெதுவெதுன்னு ஆறினதும் உப்பைக் கலக்கணும். தொட்டியில குனிஞ்சு, தலையை ஒரு பக்கம் சாய்ச்சு, வாயால மூச்சு விட்டுக்கிட்டே ஒரு மூக்குல விட்டா, மறு மூக்கு வழியா வந்துடும். பாட்டிலையும் தினம் கழுவிக் காய வைக்கணும்."

பெக்காடிக் முகம் வெளிறிப்போய் மனைவியின் காதில் ஏதோ முணுமுணுத்தார்.

"நடுவுல மூளை இருக்கே, அது நனைஞ்சிடாதான்னு கேக்கறார்."

"அவ்வளவு தூரம் போகாது. மூளை பத்திரமா மேல இருக்கு."

"இருந்தா சரி" என்றாள் மனைவி.

மறுநாள் காலையில் வேலை ஆரம்பமானது. எத்தனையோ இயந்திரங்களைக் கழற்றி மாட்டியவர், இந்த ஒரு பாட்டிலுக்கா அசந்துவிடப்போகிறோம் என்று கைகழுவும் தொட்டி முன் போய் நின்றார். டாக்டர் சொன்ன கொஞ்சூண்டு உப்பு எந்த மூலைக்கு என்று நினைத்து, இத்தனை வருட அடைப்புக்குத் தக்கபடி ஒரு கரண்டி நிறையப் போட்டுக் கலக்கினார். பிதுக்கினார். அடுத்த நொடி கண்ணாடியில் தெரிந்த முகம் அவருடையது இல்லை. மண்டைக்குள் கடல் புகுந்துவிட்டது.

அடுத்த தடவை பயத்தில் உப்பே போடவில்லை. அது அதைவிட மோசம். வெறும் தண்ணீர் மிளகாய்ப்பொடி போல எரிந்தது. அதற்கடுத்த தடவை உப்பு சரியாக இருந்தது, தலை சரியாக இல்லை. தண்ணீர் தொண்டைக்குள் இறங்கி, 'மடக்'கென்று விழுங்கிவிட்டார். காதுக்குள் ஏதோ 'குப்' என்றது.

"வாயைத் திறங்க! வாயால மூச்சு விடுங்க! ஆ...ன்னு சொல்லுங்க!" என்று வாசற்படியில் நின்று மனைவி கத்தினாள்.

"ஆ..."

அந்த 'ஆ' பாதியில் இருக்கும்போதே இடது மூக்கில் விட்ட தண்ணீர் வலது மூக்கு வழியாகச் சொட்டியது. பிறகு ஒழுகியது. பிறகு நூல் பிடித்தாற்போல் ஓடியது. கூடவே வந்ததை எல்லாம் இங்கே விவரிக்க வேண்டாம். பெக்காடிக் நிமிர்ந்து, "வத்துடுச்சு! வத்துடுச்சு!" என்று கூவினார். பக்கத்து வீட்டுக்காரம்மா ஓடிவந்து கதவைத் தட்டினார். "என்னங்க வந்துடுச்சு? யாருக்கு?"

டாக்டர் சொன்னதில் ஒன்றை மட்டும் அவர் காதில் வாங்கவில்லை. கழுவி முடித்ததும் நன்றாகக் குனிந்து, தலையை இப்படியும் அப்படியும் சாய்த்து, மெதுவாகச் சிந்தி, மிச்சத் தண்ணீரை வடியவிட வேண்டும். வடியாமல் தங்கிய தண்ணீர் தனக்கு வசதியான நேரம் பார்த்துத்தான் வெளியே வரும். அன்று அது தேர்ந்தெடுத்த நேரம், ஒரு குடியிருப்போர் சங்கத் தலைவர் புது ஷூ போட்டுக்கொண்டு எதிரில் நின்ற நேரம். லிஃப்ட் கதவு ஏன் சிக்குகிறது என்று பெக்காடிக் தரையோடு குனிந்து பார்த்தார். மூக்கிலிருந்து மளமளவென்று ஷூவின் மேல் கொட்டியது.

தலைவர் அண்ணாந்து கூரையைப் பார்த்தார். "என்னப்பா இது, லிஃப்ட்ல எங்கேயோ ஒழுகுதே?"

"லிஃப்ட்ல இல்லீங்க" என்றார் கயிறு அண்ணன் அடக்கமாக.

சில வாரங்கள் போயின. குறட்டை தேய்ந்து, மனைவி கூடத்திலிருந்து படுக்கையறைக்குத் திரும்பினாள். ஒரு காலை, பெக்காடிக் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தவர் திடீரென்று நின்றார். எங்கிருந்தோ எதுவோ வந்து மூக்கைத் தொட்டது. பொத்தானைப் பாதியில் விட்டுவிட்டுச் சமையலறைக்கு ஓடினார்.

"என்னமோ தீயற மாதிரி மணக்குதே!"

மனைவி அடுப்பில் பொங்கிய பாலை விட்டுவிட்டு அவரைப் பார்த்தாள். "இன்னொரு தடவை சொல்லுங்க."

"பால் தீயுதும்மா."

"அது போகட்டும். மெக்கானிக்னு சொல்லுங்க."

"மெக்கானிக்."

பால் முழுவதும் அடுப்பில் வழிந்தது. இருவரும் அதைக் கவனிக்கவில்லை. அவள் தலையிலிருந்து சோப்பு வாசனை வந்தது. "புது சோப்பா?" என்று கேட்டார். "கல்யாணம் ஆனதுலேர்ந்து இதேதான்" என்றாள் அவள்.

அன்று பேருந்து நிறுத்தம் வரை மூக்கால் பார்த்துக்கொண்டே நடந்தார். ரொட்டிக் கடை, ஈரத் துணி, பெட்ரோல், மழைக்கு முந்தைய மண். முதலில் கயிறு அண்ணனிடம் சொல்ல வேண்டும், அவர் காதில் கணீரென்று 'அண்ணே' என்று கூப்பிட வேண்டும் என்று நினைத்து நினைத்துச் சிரித்தார். அந்த எட்டாவது மாடி அம்மா குடியிருக்கிற கட்டடத்தில்தான் அன்று வேலை. அண்ணன் தரைத்தளத்தில் லிஃப்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். பெக்காடிக் உள்ளே போனார். கதவு மூடியது.

வாயெடுத்தவருக்கு வார்த்தை வரவில்லை. முகத்தில் அறைந்தது போல் ஒரு நாற்றம். குழிக்குள் எலி செத்துக் கிடக்கிறது, அதுவும் ஒன்றல்ல, ஒரு குடும்பமே செத்துக் கிடக்கிறது என்று முடிவு செய்தார். சைகையாலேயே லிஃப்டை மேலே அனுப்பச் சொல்லி, குழிக்குள் இறங்கி டார்ச் அடித்து மூலை மூலையாகத் தேடினார். எலி இல்லை. அங்கே நாற்றமும் இல்லை. மொட்டைமாடி அறைக்கு ஏறினார். நாற்றம் அங்கே காத்திருந்தது. அந்த எலி படியேறக்கூடியது என்று தோன்றியபோது, கயிறு அண்ணன் கால்சட்டையைச் சுருட்டி, பையிலிருந்து ஒரு குப்பியை எடுத்துத் திறந்து, முட்டியில் அழுத்தித் தேய்த்தார்.

அந்த எண்ணெயைப் பெக்காடிக்குக்குத் தெரியும். தினமும் பார்ப்பதுதான். முட்டி வலிக்கு அண்ணன் தானே காய்ச்சுவது; பூண்டு, மீன் எண்ணெய், கற்பூரம், இன்னும் சில ரகசியங்கள். பழசாகப் பழசாக வீரியம் ஏறும் என்பார். இத்தனை வருடமாக அதைக் கண்ணால் மட்டுமே அறிந்திருந்தார் பெக்காடிக்.

கீழே இறங்கும்போது எட்டாவது மாடியில் லிஃப்ட் நின்றது. பைகளோடு அந்த அம்மா நின்றிருந்தார். "நீங்க போங்கப்பா" என்றார். பெக்காடிக் அன்றுதான் அவர் முகத்தைச் சரியாகப் பார்த்தார். மூச்சை அடக்கி, இரண்டு கன்னமும் பந்துபோல உப்பியிருந்தன.

"பாத்தியா மரியாதையை" என்றார் அண்ணன். பிறகு, "என்ன தம்பி, கண்ணு கலங்குது?"

"ஒண்ணும்..." என்று கணீரென ஆரம்பித்தவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். "ஒட்டுபில்லட்டே" என்று பழைய பாஷைக்கே திரும்பினார்.

அன்றிலிருந்து வீட்டில் ஒரு பேச்சு, வேலையில் ஒரு பேச்சு. மதியம் போன் செய்த மனைவி, 'சொல்லும்மா' என்பதை "சொல்லுப்பா" என்று அவர் இழுத்ததைக் கேட்டு, "ஐயோ, திரும்ப அடைச்சுக்கிச்சா?" என்று பதறினாள். சாயங்காலம் விஷயத்தைச் சொன்னார்.

"இதுல என்ன இருக்கு? எண்ணெய் நாறுதுண்ணேன்னு சொல்லிடுங்க."

"எப்படிம்மா சொல்றது? பெத்த பிள்ளை மாதிரி அதைக் காய்ச்சறார்."

"அப்ப திரும்ப மூக்கை அடைச்சுக்கோங்க."

அவள் எரிச்சலில் சொன்னதை அவர் நிஜமாகவே எடுத்துக்கொண்டார். மூக்கு கழுவுவதை நைசாக விட்டார். மூக்கு அடைப்பதற்கு முன் குறட்டை வந்துவிட்டது, கூடவே விலாவில் மனைவியின் முழங்கையும். திரும்பக் கழுவ ஆரம்பித்தார். அடுத்து, இரண்டு துவாரத்திலும் பஞ்சு வைத்துக்கொண்டு வேலைக்குப் போனார். அதைப் பார்த்த கயிறு அண்ணனுக்கு மனசு தாங்கவில்லை.

"தம்பிக்கு வியாதி முத்திப் போச்சே! என்ன வெச்சும் கேக்கலியா? நான் இருக்கேன்டா" என்று குப்பியைத் திறந்து, ஆள்காட்டி விரலில் தாராளமாகத் தொட்டு, பெக்காடிக்கின் மேலுதட்டில், மூக்குக்கு நேர் கீழே, பாசத்தோடு மீசை வரைந்தார்.

பெக்காடிக் போட்ட தும்மலில் பஞ்சு இரண்டும் எதிர்ச் சுவரில் போய் ஒட்டின.

"பாத்தியா, வேலை செய்யுது" என்றார் அண்ணன்.

இந்த நாடகம் ஒரு பழைய அலுவலகக் கட்டடத்தில் முடிவுக்கு வந்தது. இருவரும் மேல் அறையில் இருந்தார்கள். அண்ணன் லிஃப்டை ஏற்றியும் இறக்கியும் சோதித்துக்கொண்டிருந்தார். எண்ணெயின் அத்தனை ஆரவாரத்துக்கும் நடுவே பெக்காடிக்கின் மூக்கில் மெல்லிசாக இன்னொன்று ஏறியது. கருகுகிற வாசனை. தேடிப் பார்ப்பதற்குள் அது தடித்தது.

"அண்ணே, மோட்டார் பக்கம் என்னமோ கருகுது! மெயினை நிறுத்துங்க!"

அண்ணன் நிறுத்தவில்லை. யார் பேசுவது என்று திரும்பி வாசலைப் பார்த்தார்.

"நிறுத்துங்கண்ணே!" அண்ணனுக்கு இன்னும் புரியவில்லை. பெக்காடிக்குக்கு வேறு வழி தெரியவில்லை. "திறுத்துங்க!" என்று அலறினார். அண்ணன் கை தானாகப் போய் மெயினை அணைத்தது.

பிரேக்கின் கம்பிச்சுருள் கரியாகிப் புகை விட்டுக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் போயிருந்தால் தீயே பிடித்திருக்கும். இருவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"நிறுத்துன்னு சொன்னியே" என்றார் அண்ணன் மெதுவாக. "தெளிவா சொன்னியே."

"ஆமாண்ணே. மூக்கு திறந்து கொஞ்ச நாளாச்சு."

"கருகற வாசனை எனக்கு வரவே இல்லையே, தம்பி." பையிலிருந்த குப்பியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு கேட்டார். "அப்ப, என் எண்ணெயும் உனக்குத் தெரியுதா?"

"தெரியுதுண்ணே."

"எப்படி இருக்கு?"

"மருந்து வாசனைதாண்ணே."

"சும்மா சொல்லு."

"செத்த எலிக்கு மருந்து போட்ட மாதிரிண்ணே."

கயிறு அண்ணன் கருவிப்பெட்டியின் மேல் உட்கார்ந்தார். நீளமான கால்களை மடக்கிக்கொண்டார். 

"அப்ப அந்த எட்டாவது மாடி அம்மா..."

"ஆமாண்ணே."

"பாவம்டா, கையில ரெண்டு பை." தலையைக் குனிந்துகொண்டார். "முன்னாடி ஓடிப் போனானுங்களே, அவனுங்களும் இதுக்குத்தானா? நீயாவது தெரிஞ்ச அன்னிக்கே சொல்லியிருக்கலாமே."

"உங்களைத் தவிர என் பேச்சு இத்தனை வருஷத்துல யாருக்குண்ணே புரிஞ்சுது? எப்படிச் சொல்லுவேன்?"

அண்ணன் பையை எடுத்து மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார். மறுநாள் வேலைக்கு வரவில்லை. போன் எடுக்கவில்லை. மேனேஜர் தற்காலிகமாக வேறு ஓர் ஆளைத் துணைக்கு அனுப்பினார். அவன் மேல் எந்த வாசனையும் இல்லை. பேச்சும் இல்லை. பெக்காடிக் அந்த நாட்களில் தனியாகச் சாப்பிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கதவு தட்டப்பட்டது. வாசலில் கயிறு அண்ணனும் அவர் மனைவியும். அண்ணன் கையில் அதே மாதிரி பிளாஸ்டிக் பாட்டில்.

"டாக்டரைப் பாத்துட்டேன். எனக்கும் அடைப்புதானாம். வயசானா வாசனை போயிடும்னு நானா நெனச்சுக்கிட்டேன்" என்றார். முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு, "ஒரு மூக்குல விட்டா இன்னொரு மூக்குல வரும்ங்கறார் அந்த டாக்டர். நம்புற மாதிரி இல்லை. நீ செஞ்சு காட்டு" என்றார்.

பெக்காடிக் செய்து காட்டினார். அண்ணனுக்குக் கைகழுவும் தொட்டி ரொம்பத் தாழ்வாக இருந்தது; மடக்கு ஏணி போல மூன்று இடத்தில் மடிந்து குனிந்தார். "ஆ சொல்லுங்கண்ணே!" என்று பெக்காடிக் கத்தினார். "ஆ சொல்லுங்க!" என்று இரண்டு மனைவிகளும் கத்தினார்கள். அண்ணன் 'ஆ'வுக்குப் பதில், "இரு, ஒரு விஷயம் கேக்கணும்" என்று பேச ஆரம்பித்து, புரையேறி, சட்டையெல்லாம் நனைந்தார். மூன்றாவது முயற்சியில் ஓடியது. பக்கத்து வீட்டுக்காரம்மா இந்த முறை கதவைத் தட்டவில்லை. சுவருக்கு அந்தப் பக்கமிருந்தே, "வந்துடுச்சா?" என்று விசாரித்தார்.

பிறகு நடந்ததை அண்ணன் மனைவிதான் சொன்னாள். மருந்தும் உப்புத் தண்ணீருமாகக் கொஞ்ச காலம் போன பிறகு, ஒரு காலை அண்ணன் வழக்கம்போல் குப்பியைத் திறந்தாராம். திறந்த வேகத்தில் மூடிவிட்டு, வீட்டின் எல்லா ஜன்னலையும் திறந்தாராம். "பேரப்பிள்ளைங்க ஏன் மடியில உக்கார மாட்டேங்குதுன்னு கேப்பீங்களே, இப்பப் புரியுதா?" என்று அவள் கேட்டிருக்கிறாள். அவர் குப்பியைக் குப்பைத் தொட்டியில் போட்டிருக்கிறார். குப்பை வண்டிக்காரர், இதையெல்லாம் எடுத்துப் போக முடியாது என்று திருப்பிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டாராம்.

முட்டிக்கு வேறு டாக்டர், உறை, உடற்பயிற்சி என்று ஆனது. வலி முன்பு போலத்தான், ஆனால் மணமில்லாத வலி. லிஃப்டில் இப்போது யாரும் இறங்கிப் போவதில்லை. நெரிசலில் கருவிப்பெட்டியைத் தலைமேல் வைத்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறது. எட்டாவது மாடி அம்மா தன் இரண்டு பையில் ஒன்றை அண்ணன் கையில் மாட்டிவிடுகிறார்.

அண்ணனிடம் புதிதாக ஒரு வியாதி தொற்றிக்கொண்டது. யாராவது தும்மிவிட்டால் விடமாட்டார். போன வாரம் ஒரு கட்டடத்தில் லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவே நின்றுபோய், உள்ளே ஒரு பெண் தனியாக மாட்டிக்கொண்டாள். பெக்காடிக் மேலே ஓடினார். அண்ணன் கதவின் இடுக்கில் வாயை வைத்து, "பயப்படாதீங்கம்மா, காத்து நல்லா வரும். இதோ திறந்துடுவோம்" என்றார். உள்ளிருந்து உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"அழறீங்களா, சளியா?"

"சளிங்க. ரொம்ப நாளா இருக்கு."

"கன்னம் வலிக்குதா? குனிஞ்சா?"

"ஆமாங்க, எப்படித் தெரியும்?"

பெக்காடிக் மேலிருந்து லிஃப்டை மெல்ல இறக்கிக் கதவைத் திறக்கச் சொன்னபோது, கீழிருந்து பதில் வந்தது. "இரு தம்பி, அவசரப்படாதே. தண்ணியைக் கொதிக்க வெச்சு ஆற வெக்கற வரைக்கும் சொல்லியிருக்கேன், உப்பு இன்னும் போடலை."